ராகி பிஸ்கட்டும் சுப்பராயன் கண்ணும்

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, மூன்று பாக்கெட் ராகி பிஸ்கட்டோடு கல்லா முன்னால் வந்து நின்றவர் பெயர் சுப்பராயன். பாக்கெட் உணவு விற்கிற கடைக்குக் காலையில் முதலில் வருகிறவர் பெரும்பாலும் சர்க்கரைக்காரராகத்தான் இருப்பார். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, பசியோடும் இன்றிலிருந்து ஒழுங்காக இருக்கப்போகிற தீர்மானத்தோடும் வருவார். பசியும் தீர்மானமும் சேர்ந்தால் எங்களுக்கு நல்ல வியாபாரம்.

பல வருஷம் ஒரு நாளிதழுக்குத் திருத்தணி செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு என் மனைவியின் தம்பி தேவராஜின் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் கல்லாவில் உட்காருகிறேன். மலைக்குப் போகிற வழியில் கடை. 'சர்க்கரை உள்ளவர்களுக்கு' என்று தேவராஜ் ஒரு தனி அலமாரி வைத்திருக்கிறான். கல்லாவுக்குப் பக்கத்தில் கடலை மிட்டாய் பாட்டில், அது மற்றவர்களுக்கு. எனக்கும் சர்க்கரை உண்டு. உங்களுக்கும் இருக்கும், இல்லாவிட்டால் இதை இதுவரை படித்திருக்க மாட்டீர்கள்.

முன்பக்கமும் பின்பக்கமும்

சுப்பராயன் பள்ளிப்பட்டில் இரண்டு பவர்லூம் ஓட்டுகிறவர். இரண்டு கண்ணிலும் புரை. சர்க்கரை இறங்கினால்தான் அறுவை என்று சொல்லி ஆஸ்பத்திரியில் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். தறியில் நூல் அறுந்தால் அவருக்குத் தெரிவதில்லை. மனைவி மங்கம்மா பக்கத்திலேயே நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. இப்படியே போனால் தறியை யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான் என்று அந்தம்மா என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

பாக்கெட்டின் முன்னால் பெரிதாக ராகிக் கதிர். பின்னால் இருப்பதைப் படிக்கச் சொன்னார். எது அதிகமோ அதுதான் முதலில் வரும் என்று சொல்லிவிட்டுப் படித்தேன்: மைதா, சர்க்கரை, எண்ணெய், அதற்கப்புறம் ராகி. முதல் பக்கச் செய்தியைக் கடைசிப் பக்கத்தில் வரி விளம்பர எழுத்தில் போடுகிற சாமர்த்தியம் எங்கள் பத்திரிகைக்குக்கூட வந்ததில்லை. சுப்பராயன் பாக்கெட்டை வாங்கி மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்தார்.

"கதிரு மட்டும் எனக்கே பளிச்சுன்னு தெரியுது சார். கண்ணு தெரியாதவனுக்குன்னே போட்டிருக்கான்!"

கரும்புக்காரர் கணக்கு

திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு போடுகிற ஒருவர் எங்கள் வாடிக்கை. ஆலைக்கு லோடு அனுப்பிவிட்டு, வருகிற வழியில் 'சர்க்கரை சேர்க்காத' பிஸ்கட் வாங்குவார். வாங்கினதைக் கடை வாசலிலேயே நின்று, டீயில் நனைத்து, பாக்கெட் காலியாகும்வரை சாப்பிடுவார். டீயில் சர்க்கரை வேண்டாம் என்று டீக்கடைக்காரரிடம் தெரு கேட்கச் சொல்வார்.

ஒருநாள் மனசு கேட்காமல், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "மாவும் உள்ளே போனால் சர்க்கரைதானேங்க" என்றேன். அவர் பாக்கெட்டைத் திருப்பி எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இல்லன்னு அவனே எழுதிக் குடுத்திருக்கான். ஒண்ணு தின்னாலும் இல்ல, பத்து தின்னாலும் இல்ல. கரும்பு போடறவனுக்கே நீ சர்க்கரை கணக்கு சொல்றியா?"

ஒரு வேளை

மங்கம்மா கம்பு உப்புமா மிக்ஸ் வாங்க வந்தார். தன் வீட்டுக்காரர் ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிடலாம் என்று கேட்டார். பாக்கெட்டில் ஒரு வேளைக்கு முப்பது கிராம் என்று போட்டிருந்தது. "முப்பது கிராம்னா எவ்ளோ சார்?" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு, பிரித்த பாக்கெட் ஒன்றிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தராசில் போட்டுக் காட்டினேன்.

அந்தம்மா தராசுத் தட்டையே பார்த்தார். பிறகு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தார். சுப்பராயன் வாட்டசாட்டமான ஆள்.

"இன்னா சார் இது? அடுப்புல இருக்கறப்பவே உப்பு பாக்கறேன்னு இதவிட அதிகமா தின்னுடுவாரு."

சோறு தொடாத நாள்

எப்படியோ ஆடி பிறந்தபோது சுப்பராயனுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் வாருங்கள், இதே அளவில் இருந்தால் அறுவைக்குச் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கிருத்திகை அன்று எங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது. காவடிக்காரர்களும் விரதக்காரர்களும் அரிசிச் சேவை பாக்கெட்டும் ரவையும் ஜவ்வரிசியும் அள்ளிக்கொண்டு போவார்கள். விரதம் என்றால் நம் ஊரில் சோறு கிடையாது. மற்றது எல்லாம் உண்டு.

சுப்பராயன் கண்ணுக்காக முருகனுக்கு விரதம் இருந்தார். காலையில் வெல்லம் போட்ட அவல், மதியம் எலுமிச்சை சேவை, சாயங்காலம் பாயச மிக்ஸ், நடுவில் வாழைப்பழம். கூட்டத்தில் தேவராஜ் பில் போட்டிருக்கிறான்; நான் பார்க்கவில்லை. மறுநாள் மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேராகக் கடைக்குத்தான் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நேத்து சோத்தை கண்ணால கூட பாக்கலம்மான்னேன் சார். கண்ணு தெரியலன்னுதானே நைனா நீ இங்க வந்திருக்கேன்றாங்க, அந்த நர்ஸம்மா!"

தேவராஜின் புகார்

அதற்கப்புறம் மங்கம்மா புருஷனைக் கடைக்குள் விடவில்லை. பெஞ்சோடு சரி. தனியாக உள்ளே வந்து, தேவராஜின் தனி அலமாரியைத் திரும்பிப் பார்க்காமல் கொண்டைக்கடலையும் பயறும் கொள்ளும் வாங்கினார். ஆவணிக் கிருத்திகைக்குச் சோறும் கிடையாது, சேவையும் கிடையாது, இரண்டு வேளையும் சுண்டல் என்று தீர்ப்பு. "இன்னாமே, முருகனுக்கு விரதமா, புள்ளையாருக்கு விரதமா?" என்று பெஞ்சிலிருந்து சுப்பராயன் கேட்டார். "ரெண்டு பேரும் அண்ணன் தம்பிதான், பேசிக்குவாங்க" என்று மங்கம்மா உள்ளேயிருந்து பதில் சொன்னார்.

இதைக் கேட்ட இன்னும் சிலரும் கையில் இருந்த பாயச மிக்ஸை வைத்துவிட்டுக் கடலைக்குப் போனார்கள். நானும் பின்பக்கம் படித்துச் சொல்வதை நிறுத்தவில்லை. தேவராஜ் ராத்திரி கடை கட்டும்போது தனி அலமாரியில் அப்படியே நின்ற சரக்கைக் காட்டினான்.

"பாவா, ஜனங்களுக்கு சுகர் இறங்குதோ இல்லியோ, நீங்க உக்காந்ததுலருந்து நம்ம வியாபாரம் இறங்கிகினே வருது."

முதலில் தெரிந்தது

புரட்டாசியில் சுப்பராயனுக்கு வலது கண்ணில் அறுவை நடந்தது. சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சில வாரம் வீட்டில் இருந்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை கடைக்கு வந்தார். தறியில் நூல் அறுந்தால் இப்போது மங்கம்மாவுக்கு முன்னால் அவரே பார்த்துவிடுகிறாராம். அந்தம்மா அதைப் புகார் மாதிரிச் சொன்னார், சிரித்துக்கொண்டே.

சுப்பராயன் கண்ணாடியைக் கழற்றினார். ராகி பிஸ்கட் ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தைத் தானே படித்தார்: மைதா, சர்க்கரை. எடுத்த இடத்திலேயே வைத்தார். பிறகு முதல்முறையாக என் முகத்தை நிதானமாகப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"சார், மீசையில ஒட்டிகினு இருக்குதே, அது கடலை மிட்டாய்தானே?"

என்னைப் போன்றவர் கல்லாவில் உட்கார்ந்து அடுத்தவருக்கு ஆலோசனை சொல்வது, வாடிக்கையாளருக்குப் புரை இருக்கும்வரைதான் செல்லும்.

கார்த்திகை மாதக் கிருத்திகைக்கு மறுநாள், சுப்பராயனுக்கு இடது கண்ணிலும் அறுவை முடிந்தது.