சிவப்பு ஐஸ் தோங்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பெரிய ரொட்டி டின் இருந்தது. அதற்குள் ரொட்டி இருந்து நான் பார்த்ததே இல்லை. அம்மா சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே ஒருநாள் பாதுகாப்புப் பயிற்சி என்று வைத்து, மத்தியானச் சாப்பாடு போட்டு, கையில் ஒரு சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சாப்பாடு அன்றைக்கே செரித்துவிட்டது. பயிற்சிதான் செரிக்கவில்லை. மறுநாளே டின்னைக் கழுவிக் காயவைத்து, இரண்டு டார்ச்லைட், பேட்டரி, ஒரு கட்டு மெழுகுவர்த்தி, ஈரம் படாமல் ஊறுகாய்ப் புட்டிக்குள் அடைத்த தீப்பெட்டிகள், ஒரு குட்டி ரேடியோ, காய்ச்சல் மாத்திரை என்று அடுக்கத் தொடங்கிவிட்டார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மீன்காரர்கள் வைத்திருப்பதுபோல மூடி போட்ட ஐஸ் பெட்டி, எங்கள் பேச்சில் ஐஸ் தோங், இரண்டு வாங்கினார், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு எதற்கு இரண்டு என்று அப்பா கேட்டார். ஒன்று உடைந்தால் இன்னொன்று என்றார் அம்மா. பிரிட்ஜின் மேல் அறையில் மீனுக்குப் பக்கத்தில் இடம் இருந்த இடமெல்லாம் தண்ணீர் நிரப்பிய புட்டிகளை அடைத்து உறையவைத்தார். கரண்டு போனால் அவைதான் ஐஸ். எனக்கு ஒன்பது வயது. ஐஸ்கிரீம் வைக்க இடமில்லாத ஒரு பிரிட்ஜ் உலகத்திலேயே எங்கள் வீட்டில்தான் இருந்தது என்பது என் மனக்குறை.

கோலா சாவாவைத் தாண்டி உள்ளே இருக்கிற செம்பனைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தோம். கொஞ்சம் பலமாகக் காற்றடித்தால் போதும், ஏதாவது ஒரு மரம் கரண்டுக் கம்பியின் மேல் சாய்ந்துவிடும். ஊருக்கெல்லாம் வெளிச்சம் வந்த பிறகுதான் எங்களுக்கு வரும். ஆகவே அம்மாவின் டின்னை யாரும் கேலி செய்திருக்கக்கூடாது. ஆனால் பெரியம்மா செய்தார்.

பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி. ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடு. அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரைவரை எட்டாத சுவர். அங்கே கடுகு தாளித்தால் இங்கே தும்முவோம். மெழுகுவர்த்தியை வாங்கி வைத்தால் கரண்டு போகும், மருந்தை வாங்கி வைத்தால் நோய் வரும் என்பது பெரியம்மாவின் உறுதியான கட்சி. நெருப்பென்றால் வாய் வெந்துவிடுமா என்பது அம்மாவின் கட்சி.

இந்த இரண்டு கட்சியும் அக்காவின் சடங்கில் மோதிக்கொண்டன. அக்கா பெரியம்மாவின் மகள். தோட்டத்து மண்டபம் நிறைய ஆட்கள், தட்டுவரிசை வந்து இறங்குகிற நேரம், கரண்டு போய்விட்டது. அம்மா வீட்டுக்கு ஓடி டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து ஐந்தே நிமிடத்தில் மண்டபத்துக்கு வெளிச்சம் காட்டினார். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் பெரியம்மா, நூறு பேர் முன்னால், "எப்போ போகும்னு காத்துக்கிட்டே இருந்தியா? நீ வாங்கி வச்ச நேரம்தான் எம் பொண்ணு சடங்குல இருட்டுது" என்று சொல்லிவிட்டார். அம்மா டின்னை மூடினார். மெழுகுவர்த்திகளை மட்டும் எரிந்தது எரிந்தபடி விட்டுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. பேச்சு இல்லை என்றால் ஜாடைப் பேச்சு உண்டு. பெரியம்மா தன் கோழியைத் திட்டுவார். அது எங்கள் அம்மாவுக்குப் போய்ச் சேரும். அம்மா சுவரைப் பார்த்துப் பேசுவார். அது எட்ட வேண்டிய காதுக்கு எட்டும். அப்பாவும் பெரியப்பாவும் தோட்டத்து எண்ணெய் மில்லுக்குப் பின்னால் ஒன்றாகத் தேநீர் குடித்துவிட்டு, வீட்டுக்கு வரும்போது மட்டும் தனித்தனியாக வந்தார்கள். நானும் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போனவர் பெரியப்பா. வழியில் எதுவும் பேசமாட்டார், இறங்கும்போது ஒரு மிட்டாய் தருவார். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் காற்று வந்தது. கோயில் கொட்டகையின் தகரம் பெயர்ந்து பறந்துபோய் திடலில் விழுந்தது. தோட்டத்து நுழைவாயிலில் நின்ற பெரிய மரம், கரண்டுக் கம்பியையும் சாலையையும் ஒருசேர மறித்துக்கொண்டு படுத்துவிட்டது. அம்மா முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் பார்த்தேன். படித்த கேள்வியே பரீட்சையில் வந்துவிட்ட பிள்ளையின் முகம் அது. பிரிட்ஜை யாரும் திறக்கக்கூடாது என்றார். கைப்பேசிகளைத் தான் ஓட்டும் லோரியில் சார்ஜ் போடப்போவதாக அப்பா சொல்ல, வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அப்போது அந்தப் பக்கம் பெரியம்மா கோழியைத் திட்டத் தொடங்கினார்.

"உனக்கென்ன, கொத்திக்கிட்டுத் திரியுற. நேத்துதான் ரெம்பாவ் கிளினிக்ல ரெண்டு மாசத்து ஊசி மருந்து எடுத்துட்டு வந்தோம். அத்தனையும் பிரிட்ஜுல கெடக்கு. கெட்டுப் போச்சுன்னா அந்த மனுசன் என்ன செய்வாரு?"

பெரியப்பாவுக்கு இனிப்புநீர் வியாதி. காலையும் மாலையும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வார். அதற்கு முந்தைய வருடம் ஒருநாள் சர்க்கரை ஏறி செம்பனை மர நிரையிலேயே விழுந்தவரை, குலை ஏற்றும் வண்டியில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு அந்த ஞாபகம் வந்துவிட்டது. இங்கே அம்மாவோ சுவரைப் பார்த்து உரக்கப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"மருந்து ஐஸ்ல நேரா படக்கூடாது. துணியில சுத்தி, டப்பாவுல போட்டு மேலாக வைக்கணும். ட்ரெய்னிங்ல படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. மனுசங்களுக்குச் சொன்னா ஏறாது, சுவருக்காவது ஏறும்லா."

"துணி இருக்கு, டப்பா இருக்கு" என்றார் பெரியம்மா கோழியிடம். "ஐஸுக்கு எங்க போறது? அது என்ன முட்டையா, நீ போட?"

இவ்வளவு பெரிய ஆபத்திலும் இவர்கள் சண்டையை விடவில்லையே என்று எனக்கு அழுகையே வந்தது. பெரியப்பாவைக் காப்பாற்ற இந்த இரண்டு வீட்டிலும் என்னைத் தவிர ஆள் இல்லை என்று தீர்மானித்தேன். திருடுவது பாவம்தான். அதைப் பிறகு சாமியிடம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

எனக்கு அன்று அதிர்ஷ்டமும் இருந்தது. யாரும் திறக்கக்கூடாத பிரிட்ஜை அம்மாவே திறந்து, சிவப்புத் தோங்கில் உறைந்த புட்டிகளை அடுக்கி, பின்கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். காற்று வரட்டும் என்று கதவையும் திறந்துவிட்டார். பிறகு குளிக்கப் போனார். தண்ணீரைப் பார்த்துச் செலவழிக்க வேண்டும் என்று கால் இடறும் இடமெல்லாம் வாளியில் பிடித்து வைத்திருந்தவர், அன்று அரை மணி நேரம் குளித்தார்.

தோங்கை என்னால் தூக்க முடியவில்லை. இழுத்துக்கொண்டே போனேன். சிமெண்டுத் தரையில் அது கிளப்பிய சத்தம் மில்லுக்கே கேட்டிருக்கும். பெரியம்மா பின்வாசலிலேயே நின்றிருந்தார், கையில் டப்பாவும் துணியும் தயாராக இருந்தன.

"அம்மாவுக்குத் தெரியாது" என்றேன்.

"எனக்கும் தெரியாது" என்று சொல்லி உள்ளே வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மரத்தை வெட்டிப் பாதையைத் திறந்ததும் அப்பா ரந்தாவ் பட்டணத்துக்குப் போய் இரண்டு பை ஐஸ் வாங்கி வந்தார். ஒரு பையை நீலத் தோங்கில் கொட்டிவிட்டு, மற்றதை அதே பின்கதவுப் பக்கம் வைத்துவிட்டு, லோரியில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று வெளியே போய்விட்டார். அதையும் திருடினேன். இதற்கிடையில் கெட்டுப்போவதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்று வரிசை முழுக்க இருந்த மீனும் கோழியும் சட்டியில் ஏறின. கரண்டு இல்லாத அந்த நாட்களில் சாப்பிட்டதுபோல நாங்கள் தீபாவளிக்கும் சாப்பிட்டதில்லை. பெரியப்பா மாலையில் வாசலில் உட்கார்ந்து தன் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். என் ரகசியம் அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று பயந்தேன், பெருமையாகவும் இருந்தது. டின்னில் உள்ள தீக்குச்சியைக்கூட எண்ணி வைத்திருக்கும் அம்மா, ஒரு தோங் முழுதாகக் காணாமல் போனதைக் கவனிக்கவே இல்லை. பயிற்சியில் அந்தப் பாடத்தை நடத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கரண்டு வந்தது. மருந்து கெடவில்லை. பெரியப்பா வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தார். அதே மத்தியானம், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை, பெரியம்மா எங்கள் முன்வாசலுக்கு வந்தார். ஒன்பது மாதத்தில் முதல் தடவை. கையில் சிவப்புத் தோங். அதை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். என் கதை முடிந்தது என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அம்மா என்னைக் கூப்பிடவில்லை. மூடியைத் திறந்தார். இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெரியம்மா சுடும் முறுக்குக்கு வரிசையில் தனிப் பெயர் உண்டு. நான் மெல்லக் கிட்டே போய் எட்டிப் பார்த்தேன். துடைத்துக் காயவைத்த தோங்கின் அடியில் இரண்டு கட்டு மெழுகுவர்த்தி மட்டும் இருந்தது. புதியது, கடைத்தாள்கூடப் பிரிக்கவில்லை.

"பெரியம்மா மறந்து வச்சிட்டாங்கம்மா. நான் போய்க் கொடுத்துட்டு வர்றேன்" என்றேன், எப்படியாவது அந்த இடத்தைவிட்டுத் தப்பித்தால் போதும் என்று.

அம்மா தரவில்லை. அவற்றை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு எழுந்து போய் ரொட்டி டின்னில் அவற்றை அடுக்கி மூடினார். சுவரைப் பார்த்து, "சோறு ஆறிப்போகுது. வர்றவங்க வரலாம்லா" என்றார். அந்தப் பக்கம் கோழி எந்தத் திட்டும் வாங்கவில்லை. நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

எனக்கு ஒரே ஏமாற்றம். இரண்டு தடவை உயிரைப் பணயம் வைத்துத் திருடியிருக்கிறேன், ஒரு முறுக்காவது வைத்திருக்கலாம்.