பேசாத அழைப்பு

புத்தளத்தில் எங்கள் அலுவலகம் காப்புறுதி விற்க நாள் முழுவதும் ஆட்களைத் தொலைபேசியில் அழைக்கும். அதற்கு எத்தனை லைன் வேண்டும் என்று திட்டமிடுவது என் வேலை. பலர் எடுக்கமாட்டார்கள் என்பதால், கதைக்க இருக்கும் பெண்களைவிடக் கூடுதலான எண்களைக் கணினி ஒரே நேரத்தில் அழைக்கும். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் எடுத்துவிட்டால், சிலருக்கு மௌனம்தான் கேட்கும். பிறகு அழைப்பு துண்டிக்கப்படும்.

கரைத்தீவில் இருக்கும் என் ராத்தாவின் மகன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. ஒருநாள் நான் அங்கே இருந்தபோது அவளுடைய கைபேசி ஒலித்தது. எடுத்துச் சலாம் சொன்னாள். பதில் இல்லை. கைபேசியை முந்தானையால் துடைத்து வைத்தாள்.

"அவன்தான், தங்கச்சி. புது நம்பர்ல இருந்து எடுக்கான், கதைக்க ஏலாம இருக்கான்."

"சலாத்துக்குப் பதில் சொல்லாம வைப்பானா, ராத்தா?"

"வாய்க்குள்ள சொல்லியிருப்பான். உனக்கென்ன தெரியும், நீ பெத்தவளா?"

திரையில் இருந்தது எங்கள் அலுவலகத்தின் எண்.

அந்த மாதம் மௌன அழைப்புகள் பற்றி முறைப்பாடுகள் கூடின. கதைக்க ஒரு பெண் தயாரான பிறகே அடுத்த எண்ணை அழைக்கும்படி திட்டத்தை மாற்றினேன். முறைப்பாடுகள் நின்றன.

அடுத்தமுறை போனபோது ராத்தா தேநீர்கூட ஊற்றவில்லை.

"அவன்ட போனை யாரோ பறிச்சிட்டாங்க. அந்த நம்பர்ல இப்ப ஒரு பொம்புளப் புள்ள கதைக்குது. மகன் எங்க எண்டு கேட்டன். வச்சிட்டா."