தட்டு மாற்றாத நிச்சயதார்த்தம்

உலக யுத்தத்தின்போது சயாம் ரயில் பாதையில் ஜப்பான்காரனோடு சேர்ந்து நம் கூலி ஜனங்களையே அடித்த காவல்படை ஆட்களைப் பற்றி டிவியில் படம் ஓடியது. ஜப்பான் பாஷையில் ஆள் எண்ணும் சத்தம் கேட்டதும், எங்கள் சிதம்பரம் வீட்டில் நடந்த அக்காவின் நிச்சயதார்த்தம் ஞாபகம் வந்தது.

கூடமெல்லாம் பலாச்சுளை மணம். மாப்பிள்ளையின் பெரியப்பா தட்டை நீட்டினார். சயாமில் உதைபட்டுத் திரும்பிய அப்பா அதை வாங்காமல் அவர் முகத்தையே பார்த்தார்.

“சயாம் பக்கம் போயிருக்கீங்களா, சம்மந்தி?”

“நான் கடலூரே தாண்டுனதில்லீங்க.”

அப்பா வெற்றிலையை எடுத்து, “இச்சி, நி, சான்” என்று எண்ணி நிறுத்தினார்.

“ஷி” என்று நாலாவதைத் தன்னையறியாமல் சொல்லிவிட்டார் பெரியப்பா.

“அடி வாங்குனவன் ஏன்யா மறைக்கணும்? அடிச்சவன்தான் மறைப்பான்” என்று அப்பா எழுந்துவிட்டார். அக்காவுக்கு அப்புறம் கல்யாணமே அமையவில்லை.

படத்தில், தப்பிப் பிழைத்த கூலிக் கிழவர் ஒருவர் பேசினார். “அடிபட்டத சொல்ல வெக்கம். அங்க போனதையே ஊர்ல மறைச்சிட்டேன்.”

பக்கத்தில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “டேய், சத்தத்தக் கூட்டு.”