நிழல் விழாத கார்

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்களில், ஹட்டன் பஜாரில் ஒரு கடைக்கு மேல் மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மெஷின்கள் எல்லாம் கொழும்பில் கழித்துவிட்டவை. அவற்றில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டிருந்தோம். திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டை இயக்க ஒரு டிரைவர் மென்பொருள் வேண்டும். அதை எங்கெங்கோ இருக்கிற சிலர் இலவசமாக எழுதி வெளியிட்டார்கள். புதிய பதிப்பு வந்தால் போட்டுப் பார்த்து, எப்படி ஓடுகிறது என்று அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதுவேன். யாரும் என்னைக் கேட்டதில்லை. எனக்கு அதில் ஒரு பெருமை.

சோதிப்பதற்கு ஒரு இலவச கார் ரேஸ் விளையாட்டு வைத்திருந்தேன். எப்போதும் அதே மலைப்பாதை, அதே கார், மூன்று சுற்று. நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்ற எண் திரையின் மூலையில் ஓடும். பழைய டிரைவரில் அது இருபதைத் தாண்டாது. அன்று காலை புதியதைப் போட்டதும் முப்பத்தைந்து காட்டியது. இன்னொரு தடவை ஓட்டியும் அதுதான். சந்தோஷம் தாங்காமல், "வேகம் நன்றாகக் கூடியிருக்கிறது" என்று உடனே எழுதி அனுப்பிவிட்டேன்.

மத்தியானம், பொகவந்தலாவை பஸ் ஓட்டுகிற அண்ணன் ஒருவர் இடமாற்றக் கடிதம் டைப் அடிக்க வந்தார். பிரிண்டர் சூடாகும்வரை பக்கத்துத் திரையில் நான் மறுபடி ஓட்டிய காரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க டீச்சர், வெளையாட்டா?"

"இல்லண்ணே, டிரைவர மாத்தியிருக்கேன். சரியா ஓடுதான்னு பாக்குறேன்."

"எங்களையும் டிப்போவுல இப்பிடித்தான் மாத்துறாங்க" என்று சிரித்தவர், குனிந்து உற்றுப் பார்த்தார். "இந்தக் காரு ரோட்டுல ஓடலயே. மேல மெதக்குது."

"நல்லாத்தானே போகுது?"

"நெழல் எங்கங்க? இவ்ளோ வெயில் அடிக்குது, மரம் நிக்குது, ஒண்ணுக்கும் நெழல் விழலயே."

அவர் கடிதத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியதும் பழைய டிரைவரைத் திரும்பப் போட்டேன். காருக்கு அடியில் கறுப்பாக நிழல் இருந்தது. ரோட்டின் குறுக்கே மரங்களின் நிழலும் விழுந்தது. புதியது அதையெல்லாம் வரையாமல் விட்டுத்தான் அவ்வளவு வேகமாக ஓடியிருக்கிறது. காலை முழுக்க நான் அந்த எண்ணை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது மின்னஞ்சலை எழுத வெகுநேரம் பிடித்தது. காரணம் காரணமாக எழுதி அழித்து, கடைசியில் "காலையில் நான் எழுதியது பிழை, நிழல்கள் வரவில்லை" என்று மட்டும் அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இன்னும் மூன்று பேர் வேகத்தைப் பாராட்டி எழுதியிருந்தார்களாம். நிழலைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையாம். அதோடு வந்த திருத்திய பதிப்பில் நிழல்கள் விழுந்தன, எண் இருபத்திநான்கு காட்டியது. மூன்று சுற்றும் ரோட்டைப் பார்த்து ஓட்டி முடித்துவிட்டு, இரண்டையும் எழுதி அனுப்பினேன்.