கம்பியில்லாத குழாய்

எதையும் பட்டியலாக எழுதி வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். வேலணைத் தீவில், சாட்டிக் கடற்கரைக்குப் போகும் வழியில் உள்ள ஒடியல் மா ஆலையில் இயந்திரப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே, மா உறிஞ்சும் வக்கியூம் இயந்திரத்துக்கு ஒரு பட்டியல் எழுதி மா அறைக் கதவில் ஒட்டினேன். தொட்டி பாதி நிறைந்ததும் கொட்டவும். இயந்திரத்தை நிறுத்திய பிறகே வடிதுணியை உதறவும். மூடியின் ரப்பர் வளையத்தைப் பார்க்கவும். குழாயில் வெடிப்பு உண்டா பார்க்கவும். வயரையும் பிளக்கையும் பார்க்கவும். ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி போட ஒரு கட்டம்.

அந்த இயந்திரம் இடுப்பளவு உயரம். கீழே இரும்புத் தொட்டி, நடுவில் வடிதுணி, மேலே மோட்டர். பனங்கிழங்கை வெயிலில் காயவைத்தால் ஒடியல்; அதை அரைத்த மா மிக நொய்மையானது. அரைத்து அரிக்கும்போது அது அறையெங்கும் படியும். படிந்ததை நாள் முழுவதும் உறிஞ்சி எடுக்க வேண்டும். நான் சேர்ந்தபோது இயந்திரம் இரைந்ததே தவிர இழுக்கவில்லை. மோட்டர் முடிந்துவிட்டது என்றார்கள். திறந்து பார்த்தேன். வடிதுணி அப்பளம்போல விறைத்திருந்தது. வாராவாரம் கிணற்று நீரில் கழுவியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கிணற்று நீர் உவர். துணியில் உப்பு ஊறி, அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, ஈரத்தில் மா களியாகி ஒட்டியிருந்தது.

பவுசர் லொறியில் வரும் குடிநீரில் அதை ஊறவைத்தேன். வக்கியூமை இயக்கும் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“நல்ல தண்ணியிலையோ உதைக் கழுவுறீர்? நாங்கள் முகம் கழுவவே யோசிக்கிறம்.”

“ஒருக்காத்தானக்கா. இனி மாதத்துக்கு ஒருக்காக் கழுவினால் காணும்.”

“மெசினுக்கு நல்ல தண்ணி, மனுசருக்கு உப்புத் தண்ணி. நல்ல படிப்புத்தான் படிச்சிருக்கிறீர்.”

துணி காய்ந்து, மாட்டி இயக்கியபோது, குழாயின் வாய் அவருடைய சட்டை விளிம்பைக் கவ்விக்கொண்டது. அன்றிலிருந்து என்னைப் ‘பிள்ளை’ என்று கூப்பிடத் தொடங்கினார். அவர் மீன்பிடிக் குடும்பம். கணவருக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். ஆலையில் அவர் ஒப்புக்கொண்டால்தான் மற்றப் பெண்கள் ஒப்புக்கொள்வார்கள்.

இரண்டாவது சண்டை செருப்பால் வந்தது. மா அறையில் எல்லாரும் வெறுங்காலோடு நின்றார்கள். மா பறக்காமல் இருக்கத் தரையில் தண்ணீரும் தெளித்தார்கள். ஈரத் தரை, வெறுங்கால், கையில் மின்சார இயந்திரம்.  தண்ணீர் தெளிக்கக் கூடாது, ரப்பர் செருப்பு இல்லாமல் உள்ளே போகக் கூடாது என்று பட்டியலில் இரண்டு வரி கூட்டினேன். மா இருக்கிற இடத்தில் செருப்போடு மிதிப்பதா என்று ஒரு கிழமை முணுமுணுத்தார்கள். கடைசியில் அக்காவே நீலச் செருப்பு ஒன்று வாங்கி வந்து போட்டுக்கொண்டார். மற்றவர்களும் அடங்கினார்கள். அதைப் பெரிய வெற்றியாக நினைத்தேன்.

மாசி மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. திரும்பி வந்தபோது வக்கியூமின் கறுப்புக் குழாய் இருந்த இடத்தில் வெள்ளை நிறத்தில் வேறொரு குழாய் இருந்தது.

“பழசு நடுவாலை கிழிஞ்சுபோச்சு பிள்ளை,” என்றார் அக்கா. “கொழும்பிலையிருந்து வர ரெண்டு கிழமை செல்லும் எண்டவை. வேலை நிண்டுபோகுமெண்டு என்ரை மனுசன் வள்ளத்துக்குத் தண்ணி இறைக்கிற ஓஸிலை ஒரு துண்டு வெட்டித் தந்தவர். அளந்து செய்தமாதிரி இறுகி இருக்குது பாரும்.”

உண்மையாகவே இறுகி இருந்தது. இழுவை முன்பைவிட நன்றாக இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். பழைய குழாயின் சுவருக்குள் மெல்லிய கம்பி ஒன்று சுருள்சுருளாக ஓடும். முன்னால் உள்ள இரும்பு மூக்கை இயந்திரத்தின் உடலோடு இணைப்பது அந்தக் கம்பிதான். மா உரசி ஓடும்போது பிறக்கும் நிலைமின் அதன் வழியாகத்தான் நிலத்துக்கு இறங்கும். புதிய குழாயில் கம்பி இல்லை. முழுக்க பிளாஸ்டிக்.

அது எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் நான் பார்த்தேன். மின் மீற்றரை எடுத்து அளந்தால் என்ன காட்டும் என்பதும் தெரியும். அதனால்தான் எடுக்கவில்லை. அக்காவின் முகம் அவ்வளவு பெருமையாக இருந்தது. தண்ணீருக்கு ஒரு சண்டை, செருப்புக்கு ஒரு சண்டை, இப்போது அவருடைய கணவர் வெட்டித் தந்த குழாய்க்கும் குற்றம் சொல்வதா? இரண்டு கிழமைதானே. சுற்றிவரக் கடல், காற்றில் எப்போதும் ஈரம், நிலைமின் எல்லாம் வறண்ட நாடுகளின் பிரச்சினை. இப்படியெல்லாம் எனக்கு நானே சொன்னேன். பட்டியலில் ‘குழாயில் வெடிப்பு உண்டா’ என்றுதான் இருந்தது. வெடிப்பு இல்லை. சரி போட்டேன்.

நாலைந்து நாளில் அக்கா சொன்னார், “பிள்ளை, வக்கியூம் கடிக்குது.”

“எங்கையக்கா?”

“கையிலை. சுள்ளெண்டு. எறும்பு கடிச்சமாதிரி.”

மா அரிக்கும் அரிதட்டில் நின்ற பெண் சிரித்தாள். “அக்காவிலை அதுக்கு ஆசை வந்திட்டுது போலை.”

“போடி. வீட்டிலை இருக்கிற ஒண்டே எனக்குக் காணும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவருடைய கையைப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மெல்லிய மயிர்கள் எழுந்து நின்றன. அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் குறிப்புக் கொப்பியை எடுத்தேன். நாளைக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதினேன். மறுநாள் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் அதே வரியை எழுதினேன்.

மூன்றாம் நாள் மத்தியானத்துக்குக் கிட்ட, அரைக்கும் இயந்திரத்தையும் அரிதட்டையும் இணைக்கும் துணிக்குழல் கழன்றுவிட்டது. நான் வெளி விறாந்தையில் வேறொரு மோட்டரைப் பிரித்துவைத்திருந்தேன். அரிதட்டுப் பெண் தலை முழுக்க வெள்ளையாக இருமிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். அரைக்கும் இயந்திரம் நின்றது. “நீ நில்லு, நான் இழுத்துவிடுறன்,” என்று அக்காவின் குரல் கேட்டது. வக்கியூம் இரையத் தொடங்கியது.

கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். அறை முழுவதும் மா மிதந்தது. பனிக்காலத்து விடியலில் கடல் தெரியாததுபோல எதிர்ச்சுவர் தெரியவில்லை. அதன் நடுவே நிழலாக அக்கா, கையில் இரும்பு மூக்கு.

அப்போது உள்ளே ‘சடக்’ என்று ஒரு சத்தம். பொறி தாவும் சின்னச் சத்தம்.

“சனியன், பிறகும் கடிச்சுப்போட்டுது!” என்று அக்கா சிரித்தார்.

கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர் ஒருநாள் பழைய பால்மாப் பேணி ஒன்றுக்குள் மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்து, ஒரு கரண்டி மாவை உள்ளே ஊதிக் காட்டினார். மா வெடித்து, மூடி கூரை முகட்டில் போய் மோதியது. நாங்கள் கைதட்டினோம். அந்தக் கைதட்டல்தான் அப்போது என் காதில் கேட்டது.

கத்தினால் அவர் திரும்புவார். திரும்பினால் மூக்கு எதிலாவது முட்டிப் பொறி பறக்கும். நான் விறாந்தையில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினேன். இரைச்சல் நின்றது. நின்ற பிறகுதான் அடுத்தது நினைவுக்கு வந்தது. வக்கியூம் நின்றால் அக்கா மூக்கைக் கொண்டுபோய் அரிதட்டின் இரும்புக் காலில் உள்ள கொளுக்கியில் மாட்டுவார். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். கீழே போடாமல் மாட்டிப் பழகுங்கோ என்று சொல்லி, அந்தக் கொளுக்கியை அடித்துக் கொடுத்ததே நான்தான்.

சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதவை மெதுவாகத் தள்ளினேன்.

“கரண்ட் போயிட்டுதோ பிள்ளை?” அவர் அரிதட்டை நோக்கி இரண்டு அடி வைத்திருந்தார்.

“ஓமக்கா. அப்பிடியே நில்லுங்கோ. ஒண்டிலையும் தொடாதேங்கோ.”

“என்ன, பாம்பே?”

“இல்லை. மூக்கைக் கையிலேயே வைச்சிருங்கோ. செருப்பைக் கழட்டுங்கோ.”

“என்ன விளையாட்டு? செருப்புப் போடு போடு எண்டு உயிரை எடுத்தனீர் நீர்தானே?”

“பிழையாச் சொல்லிப்போட்டன் அக்கா. கழட்டிப்போட்டு வெறுங்காலோடை சீமெந்திலை நில்லுங்கோ. மெதுவா.”

   அவர் என் வெறுங்காலைப் பார்த்தார். “நீரும் கோயிலுக்கு வந்தமாதிரி வாறீர்,” என்றார். ஆனால் சிரிக்கவில்லை. ஒரு செருப்பை உதறினார், பிறகு மற்றதை. பாதங்கள் சீமெந்தில் பதிந்தன. ரப்பர் இவ்வளவு நாளும் அவர் உடலில் அடைத்து வைத்திருந்த நிலைமின் இனி நிலத்துக்கு இறங்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், எதுவும் நடக்காமல் ஒவ்வொரு மூச்சும் கழிவதை எண்ணிக்கொண்டு நின்றேன்.

மா மெல்லமெல்லத் தணிந்தது. எதிர்ச்சுவர் தெரிந்தது, அரிதட்டு தெரிந்தது, கொளுக்கி தெரிந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து கொளுக்கிக்கு ஒரு முழம்கூட இல்லை.

“இப்ப மூக்கை நிலத்திலை வையுங்கோ. அப்பிடியே வெளியிலை வாங்கோ.”

வெளியே வந்து இருவரும் விறாந்தைக் கட்டின்மேல் இருந்தோம். பால்மாப் பேணியைப் பற்றிச் சொன்னேன். குழாய்க்குள் இருந்த கம்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கையில் ஒட்டிய மாவைத் தட்டினார். தட்டிய மா பறப்பதைக் கண்டதும் நிறுத்திவிட்டார்.

“அப்ப உள்ளுக்குள்ளை வேலை செய்யிற இவ்வளவு பேரும்…” என்று தொடங்கினார். பிறகு, “ஓஸை மாத்தினது நாங்கள்தானே. என்ரை மனுசன் நல்லதுக்கெண்டுதான்…”

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். பழி தானாகவே அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

“உங்கடை பிழை இல்லையக்கா. வந்த அண்டைக்கே நான் பாத்தனான். கம்பி இல்லையெண்டு தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சரி போட்டனான்.”

“தெரிஞ்சுகொண்டோ?”

“ஓம்.”

“நான் கடிக்குது எண்டு சொல்லேக்கையும் தெரியுமோ?”

“ஓம்.”

 அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். “எனக்கு மூண்டு பிள்ளையள்,” என்று மட்டும் சொன்னார். எழுந்து, செருப்பைக் கூட எடுக்காமல், வெறுங்காலோடு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.

நான் அலுவலகத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். சரியான குழாய் வரும்வரை வக்கியூமைப் பூட்டி வைத்தோம். அதுவரை பழையபடி தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடைத்தார்கள். அந்த நாள்களில் அக்கா வேலைக்கு வந்தார். என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. ‘பிள்ளை’ போய், மற்றவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லும்போது ‘அந்த மெசின் பார்க்கிறவ’ என்றானது.

குழாய் வந்த அன்று அதை மாட்டிவிட்டு, அவரைக் கூப்பிடப் பயந்து, நானே இயக்கலாம் என்று நினைத்தேன். அவர் வாசலில் வந்து நின்றார்.

“கம்பி இருக்குதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?”

மீற்றரின் ஒரு முனையை இரும்பு மூக்கிலும் மற்றதை இயந்திரத்தின் உடலிலும் வைத்தேன். இணைப்பு இருக்கிறது என்று அது கீயென்று கத்தியது. அவர் அந்த முனைகளை என் கையிலிருந்து வாங்கி, தானே வைத்துப் பார்த்தார். ஒருமுறை, இன்னொருமுறை. பிறகு இயந்திரத்தின் உடலுக்கும் சுவரில் இறங்கும் நிலக்கம்பிக்கும் வைத்துக் காட்டச் சொன்னார். அதற்கும் கத்தியது.

“நாளைக்கும் நீர் காட்டவேணும்,” என்றார்.

செருப்பு வரியை எடுத்துவிட்டுப் பட்டியலை மாற்றி எழுதினேன். முதல் வரி இப்போது மீற்றர்ச் சத்தம். அதற்கு எதிரே கட்டம் இரண்டு. ஒன்றில் நான் சரி போடுவேன், மற்றதில் அக்கா. பழைய தாளை எறியவில்லை. என் சரி விழுந்த பக்கம் தெரியும்படி கருவிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

போன கிழமை ஒரு காலை மீற்றரின் பற்றரி இறந்துவிட்டது. முனைகளை வைத்தோம், சத்தம் வரவில்லை. குழாயில் பிழை இல்லை, பற்றரிதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அக்கா மூட்டை ஒன்றின் மேல் ஏறி இருந்துகொண்டார். அரிதட்டுப் பெண்ணும் இருந்தாள். மனேச்சர் வந்து ஏன் வேலை தொடங்கவில்லை என்று கேட்டார்.

“சத்தம் வரேல்லை,” என்றார் அக்கா.

நான் வேலணைச் சந்திக்குச் சைக்கிளில் போய்ப் பற்றரி வாங்கி வரும்வரை யாரும் எழும்பவில்லை. மாட்டினேன். கீயென்று கத்தியது. அக்கா வெறுங்காலோடு எழுந்து உள்ளே போனார். வக்கியூம் இரையத் தொடங்கியது. நான் கதவுக்கு வெளியே, வழக்கம்போல, வேறெந்தச் சத்தமும் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டு நின்றேன்.