எல்லாரும் ஏறிய தோணி

"நாங்கள் ஆசியாவின்ரை யூதர்" என்று அண்ணை சொல்லாமல் லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டில் ஒரு நாளும் விடிந்ததில்லை. படிப்பு, உழைப்பு, எங்கே கொண்டுபோய்ப் போட்டாலும் முளைத்துவிடுகிற குணம் என்று மூன்று விரல்களை மடக்கிக் காட்டுவார். நான்காவது விரல் மடங்குவதற்குள் அண்ணி தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிடுவார். எண்பதுகளின் நடுவில் லண்டனில் யாழ்ப்பாணத்தவர் கூடிய மேடைகளிலெல்லாம் இந்தப் பேச்சு இருந்தது. பேசியவர்களில் ஒருவராவது ஒரு யூதரோடு இருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அண்ணைக்குத் தெரிந்த யூதர் ஒரே ஒருவர்தான், அவருடைய கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிய டொக்டர். பல்லைப் பிடுங்கும்போது அந்த மனிதர் இன ஒற்றுமை பற்றி ஒன்றும் பேசவில்லை.

அப்போது எனக்கு இருபது வயது. வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு பொலிரெக்னிக்கில் மருந்தாளர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் எங்களுடைய அகதிக் கேஸ் முடியாததால் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தைக் கட்டச் சொன்னார்கள். பெற்றோல் நிரப்பும் செற்றில் இரண்டு ஷிப்ட் அடிக்கும் அண்ணைக்கு அது எட்டுகிற தொகை இல்லை. இடத்தை ஒரு தவணைக்கு மட்டும் வைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. அதற்குள் பணம் கிடைக்காவிட்டால் நான் இருந்த இடத்திலேயே, அதாவது சுப்பர்மார்க்கெட்டில் தயிர் அடுக்கும் இடத்திலேயே, இருக்க வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் கோல்டர்ஸ் கிரீன் பக்கம் இருந்த ஒரு யூதக் கல்வி நிதியைப் பற்றிக் கேள்விப்பட்டோம். பெரும்பாலும் தங்களுடைய பிள்ளைகளுக்குத்தான் கொடுப்பார்கள். சமயப் பள்ளிக்கும் கொடுப்பார்கள், பல்கலைக்கழகத்துக்கும் கொடுப்பார்கள். ஆனால் அதைத் தொடங்கியவர்களே ஒருகாலத்தில் அகதிகளாக வந்திறங்கியவர்கள் என்பதால், எந்தச் சமயத்து அகதியும் விண்ணப்பிக்கலாம் என்று வருடா வருடம் சில இடங்களை ஒதுக்கியிருந்தார்கள். "பாத்தியே, இனம் இனத்தை அறியும்" என்றார் அண்ணை.

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை எழுத வேண்டும். நீங்கள் எப்படி இந்த நாட்டுக்கு வந்தீர்கள், ஏன் படிக்க விரும்புகிறீர்கள், இரண்டு பக்கம். இங்கேதான் மாஸ்டர் வருகிறார். மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர். ஸ்ட்ரெதமில் தன் வீட்டு முன்னறையில் ரியூசன் நடத்தினார். அவருடைய மாணவன் ஒருவனுக்கு முந்திய வருடம் அந்த நிதி கிடைத்திருந்தது. எங்கள் ஊரில் சோதனை என்றால் என்ன? பழைய வினாத்தாள், அதற்கு மாதிரி விடை, அதை மனப்பாடம் செய்ய ஒரு விடியற்காலை. சொந்தமாக யோசித்து எழுதுகிறவனைப் பற்றி, பாவம், நோட்ஸ் கிடைக்கவில்லைப் போலிருக்கிறது என்றுதான் பேசிக்கொள்வோம். மாஸ்டர் அந்த வெற்றி பெற்ற கட்டுரையைப் போட்டோக்கொப்பி எடுத்து வைத்திருந்தார். அது தேம்ஸைக் கடந்து, ஒரு கோயில் வரை போய், அர்ச்சனைத் தட்டோடு கைமாறி எங்கள் வீட்டுக்கும் வந்தது.

நல்ல கட்டுரைதான், பொய் சொல்லக்கூடாது. ஒரு மாணவன் தோணியில் இந்தியாவுக்குப் புறப்படுகிறான். கரைக்குக் கிட்டத் தோணி கவிழ்கிறது. சான்றிதழ்களைப் பிளாஸ்ரிக் பையில் சுற்றித் தலையில் கட்டிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் நடந்து கரை சேர்கிறான். உடுப்புப் போய்விட்டது, செருப்புப் போய்விட்டது, படிப்பு மட்டும் நனையவில்லை. வாசித்து முடித்ததும் அண்ணி மூக்கைச் சீறினார்.

"இதையே எழுது. ஊரின்ரை பேரை மட்டும் மாத்து" என்றார் அண்ணை.

நான் கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, இரண்டு கிலோ மிளகாய்த்தூளோடு ஹீத்ரோவில் இறங்கியவள். கடலைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும்.

"அண்ணை, நான் அப்பாவைப் பற்றி எழுதிறன்."

அண்ணை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை உதறினார். "அது வேண்டாம். கறையான் திண்ட சேர்ட்டிபிக்கேற்றுக்கு ஆர் காசு தருவான்? ஊரோடை ஒத்துப்போ." சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனார். தட்டில் பாதிச் சோறு கிடந்தது. அந்த வீட்டில் அப்பாவின் பேச்சு வந்தால் அண்ணைக்கு எப்போதும் கை கழுவுகிற வேலை வந்துவிடும்.

கறையான் தின்றது உண்மை. எங்கள் ஆட்களின் கதைகளில் எல்லாம் எரிந்தன, சுடப்பட்டன, பறிக்கப்பட்டன. என் ஏ.எல். பரீட்சைச் சான்றிதழை அலுமாரியில் கறையான் தின்றது. இப்படியொரு கேவலமான அழிவை எந்தக் கட்டுரையில் எழுதுவது? நானும் நல்ல பிள்ளையாகத் தோணியில் ஏறினேன்.

நேர்முகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்கள். அதை உறுதிப்படுத்த அண்ணை சனிக்கிழமை முழுவதும் போன் அடித்தார். ஒருவரும் எடுக்கவில்லை. "எங்களை வெட்டிப்போட்டாங்கள்" என்று சாயங்காலம் வரை புலம்பினார். தன் உறவினர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள் என்பது ஆசியாவின் யூதருக்குத் தெரியவில்லை.

அந்த அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. கீழே மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு. எபிரேய எழுத்துகளைக் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யூதப் பிள்ளைகள் நித்திரையிலும் புத்தகம் படிக்கும் என்று அண்ணை சொல்லியிருந்தார். நான் பார்த்தபோது ஒருத்தி மேசைக்கு அடியில் இருந்து கிரிஸ்ப்ஸ் தின்றாள், இன்னொருத்தி முன்னால் இருந்தவளின் பின்னலைக் கதிரையில் கட்டிக்கொண்டிருந்தாள். ரீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் அப்படியே இருந்தது. எனக்குக் கொஞ்சம் பயம் தெளிந்தது.

மேலே மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு ஆண்கள் கடைசிவரை பேசவில்லை. பேசியவர் நடுவில் இருந்த வயதான பெண்மணி. மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். முன்னால் ஒரு கட்டுத் தாள். எனக்குத் தேநீர் ஊற்றித் தந்துவிட்டுத்தான் தொடங்கினார்.

"தண்ணீர் எவ்வளவு ஆழம்?"

"கழுத்தளவு" என்றேன்.

"உங்களுக்கு நீந்தத் தெரியுமா?"

"கொஞ்சம்."

அவர் என் சான்றிதழை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். பரீட்சைத் திணைக்களத்தின் முத்திரைக்குக் கீழே இருந்த திகதியில் விரலை வைத்தார். "இது நீங்கள் லண்டனுக்கு வந்து நான்கு மாதத்துக்குப் பிறகு கொழும்பில் கொடுக்கப்பட்டிருக்கிறது. இதை எப்படித் தலையில் கட்டிக்கொண்டு வந்தீர்கள்?"

என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. காது சுட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போனவள், காம்பைக் கூட மறைக்கவில்லை. திகதி அங்கேதான் இருந்தது. நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை. மாதிரி விடையில் திகதியைப் பற்றி ஒன்றும் இல்லையே.

அவர் கட்டிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பினார். "இந்த வருடம் ஒன்பது தோணி கவிழ்ந்திருக்கிறது. எல்லாம் கரைக்குக் கிட்ட." பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "நாங்கள் இதைத் தொடங்கியது எங்களுடைய பிள்ளைகளுக்காக. அப்போது வந்த கட்டுரைகளில் எல்லாரும் ஒரு வயலினோடு ரயில் ஏறியிருந்தார்கள். அத்தனை வயலின் செய்ய எங்கள் நாட்டில் மரமே இருந்திருக்காது. நானும் பத்து வயதில் நாஜிகளிடமிருந்து தப்பித் தனியாக அப்படியொரு ரயிலில் வந்தவள்தான். என் பெட்டியில் இருந்தது அக்காவின் பழைய சப்பாத்து. அதுவும் கால் அளவு சரியில்லை."

அண்ணை மூன்று விரல் மடக்கிச் சொன்னது கடைசியில் உண்மையாகிவிட்டது. நாங்கள் அவர்களைப் போலத்தான் இருந்தோம், ஈயடிச்சான் கொப்பி அடிப்பதில்.

"சரி, இந்தச் சான்றிதழ் எப்படி வந்தது?" என்று கேட்டார்.

சொன்னேன். கறையானிலிருந்து தொடங்கினேன். படிப்புக்கு விண்ணப்பிக்கச் சான்றிதழ் வேண்டும், ஒரு பிரதி எடுத்து அனுப்புங்கோ என்று அப்பாவுக்கு எழுதியது நான். அப்பா ஓய்வு பெற்ற தபாலதிபர். கொழும்புக்குப் போய், லொட்ஜில் தங்கி, இரண்டு நாள் வரிசையில் நின்று பிரதியை எடுத்திருக்கிறார். அதை ஊருக்குக் கொண்டுபோகவில்லை. அங்கேயே பதிவுத் தபாலில் எனக்குப் போட்டுவிட்டார், தபாலை அவ்வளவு நம்பிய மனிதர். தபால் கந்தோரிலிருந்து லொட்ஜுக்குத் திரும்பும் வழியில் பொலிஸார் அடையாள அட்டையைக் கேட்டிருக்கிறார்கள். அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்தது. ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு ஆள் இல்லை. லொட்ஜ்காரர் போன் அடித்துச் சொல்லி இரண்டு கிழமைக்குப் பிறகு, அப்பாவின் கையெழுத்தில் முகவரி எழுதிய உறை செவன் கிங்ஸுக்கு வந்தது. நான் கேட்டிராவிட்டால் அவர் வீட்டில் இருந்திருப்பார். அதையும் சொன்னேன். அண்ணைக்குக் கூட நான் சொன்னதில்லை.

அந்த அம்மா என் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். ஆறிப்போன தேநீரை எடுத்துவிட்டு வேறு ஊற்றினார். "இதை எழுதித் தாருங்கள். இரண்டு பக்கம் போதும்" என்றார். கீழே வகுப்பு முடிந்து பிள்ளைகள் இரைச்சலோடு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே இருந்து எழுதிக் கொடுத்தேன்.

பணம் கிடைத்தது. படித்தேன், மருந்தாளரானேன். கதை இதோடு முடிந்திருந்தால் அண்ணை மேடையேறிச் சொல்லியிருப்பார். ஆனால் அடுத்த வருடம் தெரிந்த ஒரு வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர்களின் மகளுடைய மேசையில் ஒரு போட்டோக்கொப்பி கிடந்தது. கறையான், கொழும்பு, வரிசை, பதிவுத் தபால். என் வார்த்தைகள் இல்லை, ஆனால் என் அப்பா. நான் எதை எழுதிப் பணம் வாங்கினேன் என்று மாஸ்டருக்குச் சொல்லிக் கொடுத்தது அண்ணை.

"நாலு பிள்ளையளுக்கு உதவட்டுமன். உனக்குக் கிடைச்சதுதானே" என்றார்.

"அப்பாவைப் பற்றி என்னோடை ஒரு வசனம் கதைக்க ஏலாதாம், மாஸ்டரோடை மட்டும் ஏலுமாம்" என்றேன். அவர் கை கழுவப் போனார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கிழமையே அறை பார்த்துக்கொண்டு வெளியேறினேன். பிறகு வருடக்கணக்காக, தீபாவளிக்கு ஒரு போன், அதிலும் காலநிலை பற்றிய பேச்சு மட்டும்.

தொண்ணூறுகளில் அந்த நிதியின் குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த அம்மா அப்போது உயிரோடு இல்லை. அவருடைய கதிரையில் என்னை இருத்தினார்கள். உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, நிதியை நடத்துகிறவர்களுக்குள்ளும் யாருடைய மருமகன், எந்தத் தொழுகைக்கூடம் என்று பார்க்கிற ஆட்கள் இருந்தார்கள். நான் எங்கள் கோயில் நிர்வாகசபைக் கூட்டத்தில் இருப்பதாகவே உணர்ந்தேன்.

ஒரு வருடம் விண்ணப்பக் கட்டைப் பிரித்தேன். அந்த வருடம் என் அப்பா நான்கு பேருக்கு அப்பாவாக இருந்தார். மூன்று பேரின் கட்டுரையில் அவர் ஒழுங்காக வரிசையில் நின்று, ஒழுங்காகத் தபால் போட்டு, ஒழுங்காகப் பிடிபட்டார். அந்த மூன்றையும் தள்ளி வைத்தேன். கோபத்தில்தான். நான்காவதில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். சவரம் செய்யாத முகத்தோடு வீட்டுக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல், சீனி கூடப் போட்டு ஒரு தேத்தண்ணி கேட்டார்.

எழுதிய பெண் நேர்முகத்துக்கு வந்தாள். குழுவுக்கு முன்னால் நான் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்து வெளியே போனவளின் பின்னால் நடைபாதைக்குப் போய்த் தமிழில் கேட்டேன்.

"பிள்ளை, மாஸ்டர் தந்த கொப்பியிலை முடிவு இப்பிடி இல்லையே. ஏன் மாத்தினனீர்?"

அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

"அதிலை அவர் திரும்பி வாறேல்லை அன்ரி. என்ரை அப்பா எண்டெல்லே எழுத வேணும். கை ஓடேல்லை. அதுதான் வீட்டை கூட்டிக்கொண்டு வந்திட்டன்."

உள்ளே போனதும், இந்தப் பெண் எப்படி என்று கேட்டார்கள். முக்கால்வாசி கொப்பி, கால்வாசி அவளுடையது, எங்கள் ஆட்களுக்கு அது பெரிய முன்னேற்றம் என்று நினைத்தேன். "கொடுக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து அண்ணைக்குப் போன் அடித்தேன். தீபாவளி இல்லாத நாளில் என் குரலைக் கேட்டுப் பயந்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். மூன்றாம் நாள், சவரம் செய்யாத முகம், சீனி கூடப் போட்ட தேத்தண்ணி, எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் தண்ணீர்க் குழாயின் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"எனக்கும் ஒரு கொப்பி எடுத்துக்கொண்டு வா" என்றார்.

விண்ணப்பங்களை அந்தக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது என்பது குழுவின் விதி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் போன பிறகு, நான் அந்தப் பெண்ணின் கட்டுரையோடு போட்டோக்கொப்பி மெஷினுக்கு முன்னால் நின்றேன்.