லைன் தேடிப் போனவர்கள்

வெள்ளத்தில் சிக்கியவர்கள் படகு கேட்பதற்காக, மீட்புக் குழுவுக்கு ஜாவா நிரல்மொழியில் ஓர் இணையதளம் எழுதிக் கொடுத்திருந்தேன். வீட்டின் படத்தைக் கட்டாயம் இணைக்க வேண்டும். படம் பெரிதாக இருந்தால் ‘சிறிய படம் அனுப்புங்கள்’ என்று அழகாகச் செய்தி வரும்படி செய்திருந்தேன்.

வெள்ளம் சூழ்ந்த புக்கிட் பெலிம்பிங் ஊரிலிருந்து லெட்சுமி அக்கா போன் செய்தார். எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரர்.

“தம்பி, லைனே இல்லலா. படம் போவவே மாட்டேங்குது. அப்பாவ மேச மேல உக்கார வச்சிட்டு, லைன் தேடி ரோட்டுக்கு வந்துட்டேன். இடுப்பு வரைக்கும் தண்ணி.”

லைன் இல்லை, அதாவது சிக்னல் இல்லை என்று அவர் சொன்னது அதே போனில் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

சர்வர் பதிவுகளைத் திறந்தேன். பெரிய படம் வரும்போதெல்லாம் சர்வரே பாதியில் இணைப்பை அறுத்திருந்தது. என் அழகான செய்தி ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை.

“படம் வேணாங்க்கா! அங்கேயே நில்லுங்க, குழுகிட்ட நானே சொல்றேன், படகு வரும்!”

“அப்பா தனியா இருக்காரு தம்பி.” திரும்பி நடந்துவிட்டார். அதன்பின் தண்ணீர்ச் சத்தம்தான்.

படகு இருவரையும் ஏற்றி வந்தது. அக்கா ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்ல வேள, கடைசில லைன் கெடச்சிச்சி.”

லைன் எப்போதும் இருந்தது, அறுத்தது என் தளம்தான் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அன்று வேறு யாரெல்லாம் லைன் தேடித் தண்ணீரில் இறங்கினார்களோ.